மீன் கழுவிய தண்ணீர்

எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் ராத்தா முதலில் அதை இழுத்துப் பார்ப்பாள். இடியப்பத்தில் ஒரு இழையைப் பிரித்தெடுத்து, இரண்டு கை விரல்களாலும் பிடித்து, மெல்ல மெல்ல இழுப்பாள். கடைக்காரர் சாமான் போட்டுத் தரும் பையின் காதைப் பிடித்து இழுப்பாள். தலை சீவும்போது உதிரும் முடி, றப்பர் வளையம், பெருநாளைக்கு வாங்கும் மஸ்கட் இனிப்பு, எதையும் விடமாட்டாள். அறுந்தவுடன் வேலை முடிந்துவிடாது. அறுந்த நுனியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சோத்தத் தின்னு மகள், அதோட விளையாடாத," என்று உம்மா சத்தம் போடுவார்.

"விளையாடல்ல உம்மா. எங்க விடுது எண்டு பாக்கிறன். ஓரத்துல விட்டா வெட்டினவன்ட பிழை. நடுவுல விட்டாத்தான் அந்தச் சாமான்ட கத."

"உன்ட கதைய எப்ப முடிக்கப் போறாய்? ஆணம் ஆறுது."

ராத்தா என் கூடப்பிறந்த மூத்தவள். எனக்கும் அவளுக்கும் பத்து வயது இடைவெளி. நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவள் கம்பஸ் முடித்து, அங்கேயே இரசாயன ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பொலிமர் ஆராய்ச்சி. அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் சொல்லப் பழக எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

இப்போது அவள் இல்லை. அவளுடைய கொப்பி என்னிடம் இருக்கிறது. அதில் அறுபது நாளுக்கு அறுபது வரி. ஒரு வரியில் நான் போட்டிருக்கிற சரி அடையாளம் பொய். வியாழக்கிழமை அவளுடைய கம்பஸ் சேர் கொப்பியை எடுக்க வருகிறார். இன்றைக்குத் திங்கள். அந்த ஒரு வரியைப் பார்க்கவும் ஏலாமல், மூடி வைக்கவும் ஏலாமல் இருக்கிறேன். அவளைப் பற்றி எழுதிப் பார்த்தால் கை வருமோ என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சோற்றுப் பார்சல் கட்டுகிறோம். உம்மாவும் நானும் சமைப்போம். சோறு, பருப்பு, மீன் ஆணம், ஒரு சுண்டல். பத்து மணிக்கு வாப்பா ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்முனைப் பக்கம் கந்தோர், கடை, வங்கி என்று கொடுத்துவிட்டு வருவார். ஒவ்வொரு பார்சலுக்கும் உள்ளே ஒரு லன்ச் சீட், வெளியே ஒரு பேப்பர். லன்ச் சீட் என்றால் அந்த மெல்லிய பொலித்தீன் தாள். பெட்டியிலிருந்து நான் உருவி எடுக்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் ராத்தா எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்ப்பாள். எனக்கு அது தெரியும். ஆனால் ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

ஒருநாள் கம்பஸ் ஆட்களோடு, யானைகள் வந்து மேயும் குப்பை மேட்டைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. பைக்குள் யானைச் சாணி.

"அல்லாஹ்வே, வீட்டுக்குள்ள என்னத்தகா கொண்டு வந்திரிக்காய்!" உம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்குள்ள கொண்டு வரல்ல உம்மா. கிணத்தடிக்குக் கொண்டு போறன்."

கிணற்றடியில் குந்தியிருந்து அதைப் பிரித்தாள். உள்ளிருந்து சுருண்டு கசங்கிய ஒரு லன்ச் சீட் வந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். எங்கள் உடுப்புக் காய்கிற கொடியிலேயே கிளிப் போட்டுக் காயவிட்டாள். உம்மா அன்று எல்லா உடுப்பையும் மறுபடி தோய்த்தார். காய்ந்த பிறகு ராத்தா அந்தச் சீட்டை என் கண்ணுக்கு முன்னால் இழுத்துக் காட்டினாள். நீண்டது, நீண்டது, விடவே இல்லை.

"பாத்தியா? யானைட வயித்துக்குள்ள போய் வந்தும் விடல்ல."

"அப்ப நல்ல சீட்தானே?"

"நல்ல சீட்தான். அதுதான் பிரச்சின."

அதில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் மெல்லக் கேட்டேன்: "நம்மட பார்சலா இரிக்குமா ராத்தா?"

"இரிக்கலாம்," என்றாள். குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. கறையையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

அவள் செய்ய நினைத்த சீட்டுக்கு அவள் சொன்ன கணக்கு மிகச் சின்னது. "காலைல பத்து மணில இருந்து பகல் ரெண்டு மணி மட்டும் சூட்டு ஆணத்தப் புடிக்கணும். மறுகா மண்ணுக்குள்ள போட்டா விட்டிரணும். அவ்வளவுதான் புள்ள." புடிக்கிற பொருள் விடாது, விடுகிற பொருள் புடிக்காது, அதுதான் கரைச்சல் என்பாள்.

அவள் விளக்கியதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். சின்னச் சின்னத் துண்டுகள் ஒன்றோடொன்று கைகோர்த்து நீளமாக நின்றால் அது பொலிமர். அரிசி மாவு ஏற்கெனவே அப்படி நிற்கிறது. ஆனால் தண்ணீர் பட்டால் ஊறிப்போகும். ஆகவே தயிரில் இருக்கிற புளிப்பை எடுத்து, அதையும் கைகோர்க்கச் செய்து, மாவின் சங்கிலியில் கிளை கிளையாக ஒட்டவைக்க வேண்டும். கைகோர்க்கும்போது ஒவ்வொரு கைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகும். அந்தத் தண்ணீரை இழுத்து எடுத்துக்கொண்டே இருந்தால் சங்கிலி நீளும். பிறகு மண்ணில் தண்ணீர் திரும்ப உள்ளே போனால் கை விடும். மற்றவர்கள் இதைக் கெதியாகச் செய்ய தகரம் சேர்ந்த ஒரு மருந்து போடுவார்களாம். சோறு படுகிற சீட் என்பதால் ராத்தா அது வேண்டாம் என்று, குறைந்த சூட்டில், மருந்தில்லாமல், மணிக்கணக்காக வைத்துச் செய்யும் ஒரு முறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அரிசியும் தயிரும். அப்ப தயிர்ச்சோறுதானே ராத்தா? இதுக்கு என்னத்துக்குக் கம்பஸ்?"

அவள் சிரித்த சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. அடுத்த நாள் அதை ஆய்வுகூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அவளுடைய போத்தல்களிலும் சீட்டுகளிலும் 'த.சோ. 5', 'த.சோ. 6' என்றுதான் ஒட்டினார்கள். நான் வைத்த பெயர் கம்பஸில் இருக்கிறது. இதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

முதல் சீட்டுகள் பப்படம் மாதிரி நொறுங்கின. கிளிசரின் கூடப் போட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்பதாவது நன்றாக இருக்கிறது என்று வாப்பாவின் பகல் சோற்றை அதில் கட்டிக் கொடுத்தாள். ஒன்றரை மணிக்கு வாப்பா வெள்ளைச் சாறன் முழுவதும் மஞ்சளாக வந்து வாசலில் நின்றார்.

"மகள், உன்ட ஆராய்ச்சி என்ட மடியில இரிக்கி."

வேறொரு பிள்ளையென்றால் பதறியிருக்கும். ராத்தா கொப்பியோடு ஓடிவந்தாள். "எத்தின மணிக்கு விட்ட வாப்பா? மூலையிலயா, நடுவுலயா?"

"சுட்ட இடம் மட்டுந்தான் எனக்குத் தெரியும். அத இப்ப காட்ட ஏலா."

உம்மாவும் நானும் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம். ராத்தா சிரிக்கவில்லை. "மடிப்புலதான் விட்டிரிக்கி," என்று சாறனின் கறையைப் பார்த்தே எழுதிக்கொண்டு போனாள்.

அவளைப் பெண் கேட்டு வந்த கதையையும் சொல்ல வேண்டும். மூத்த மகளுக்குத்தான் வீடு என்பது எங்கள் ஊர் வழக்கம். அவளுக்குக் கலியாணம் என்றால் மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வருவார். உம்மா அதற்காகப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை கூடக் கட்டத் தொடங்கியிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இனிப்போடும் ஒரு பட்டுச் சாரியோடும் வந்தார்கள். ராத்தா தேத்தண்ணி கொடுத்தாள், அடக்கமாக இருந்தாள், எல்லாம் நல்லபடி நடந்தது. சாரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். வந்தவள் ஓரத்தில் ஒரு நூலை உருவி இழுத்தாள். பிறகு அடுப்பில் காட்டினாள்.

"பட்டு எண்டா முடி கருகின மணம் வரணும், சாம்பலாகணும். பாரு, உருகி உருண்டையாகுது."

நான் கண்ணால் வாசலைக் காட்டினேன். மாப்பிள்ளையின் உம்மா வெற்றுக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலில் நின்றார்.

ராத்தா திரும்பினாள். விரலில் கறுப்பாக, கடுகளவு ஒரு உருண்டை. "பொலியெஸ்டர் மாமி," என்றாள் மிகுந்த சந்தோசத்தோடு. "ஆனா நல்ல பொலியெஸ்டர். லேசில கிழியாது."

அவள் அதைப் புகழ்ந்துதான் சொன்னாள். அது எனக்குத் தெரியும். மாமிக்குத் தெரியவில்லை. அவர்கள் பிறகு வரவில்லை. உம்மா இரண்டு நாள் ராத்தாவோடு கதைக்கவில்லை. ராத்தா அந்தக் கறுப்பு உருண்டையை ஒரு நெருப்புப் பெட்டிக்குள் போட்டு வைத்தாள். அது இப்போதும் அவளுடைய மேசையில் இருக்கிறது.

பதினான்காவது சீட் ஆணத்தைப் பிடித்தது. நாலு மணி நேரமும் பிடித்தது. வாப்பா சாறன் நனையாமல் வந்த அன்று தெருவில் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார். இனி மண்ணில் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். ராத்தா அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பழைய மீன் வலைத் துண்டில் சுற்றி, கிணற்றடிக் கறிவேப்பிலை மரத்துக்குக் கீழே நாலு விரல் ஆழத்தில் புதைத்தாள். வலை நைலோன், அது போகாது. சீட் போனாலும் இருந்த இடம் தெரியும். ஆய்வுகூடத்துப் பெட்டி மண்ணிலும் அதே மாதிரிப் புதைத்திருந்தாள்.

"அந்த இடத்துல ஒண்டும் செஞ்சிராத, என்ன?"

"நான் என்ன செய்யப் போறன்?"

நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு ராத்தா பஸ் ஏறிவிடுவாள். ஏழரைக்கு மீன் வரும். பார்சலுக்கு வேண்டிய மீன் முழுவதையும் கிணற்றடியில் வெட்டிக் கழுவுவேன். கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றுவேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கறிவேப்பிலை அதில்தான் தழைக்கும். அதை ஒரு வேலை என்று யாரும் நினைப்பதில்லை. மூச்சு விடுவதைச் 'செய்கிறேன்' என்று யார் சொல்வார்கள்?

நாற்பத்தைந்து நாளில் ராத்தா தோண்டினாள். தோண்ட ஒரு தேக்கரண்டி, மண் தட்ட வாப்பாவின் சவர பிரஷ். ஒவ்வொரு வலையாக விரித்தாள். ஒன்றிலும் சீட் இல்லை. ஆய்வுகூடத்து மண்ணிலோ சீட் புதைத்த மாதிரியே இருந்தது.

சேருக்குப் பெரிய சந்தோசம். வீட்டு வளவு மண்தான் உண்மையான மண், இதைக் கண்டியில் நடக்கும் பெரிய கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதில் வாசித்தால் மேற்படிப்புக்கு வெளிநாடு போகவும் வழி வரும் என்றார். உம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வட்டிலாப்பம் செய்தார். ராத்தா மட்டும் வட்டிலாப்பத்தை வைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் ஒரு பன் இழையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ராத்தா, சந்தோசமில்லையா?"

"இவ்வளவு கெதியா விடக் கூடாதே. ஏன் விட்டிச்சி எண்டு தெரியாம எப்படிச் சந்தோசப்படுற?"

அடுத்த நாள் மரத்தடி மண்ணைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். "ஒரு வாசம் இரிக்கி," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கையிலும் அதே வாசம்தான் இருந்தது.

மூன்று கிழமை நான் வாய் திறக்கவில்லை. அவள் மண்ணைப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோனாள், கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோனாள், மரத்தின் வேரைக்கூட வெட்டிக் கொண்டுபோனாள். ஏன், ஏன் என்று வீட்டைச் சுற்றி நடந்தாள். காரணம் நான். அவளுக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் கூட்டம் போய்விடும். என்னால் போனது என்று ஆகிவிடும். படித்தவளின் வேலையைப் படிக்காதவள் கெடுத்தாள் என்று வரும். அதுதான் பயம்.

கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது என்னை அரிசி மூட்டைமேல் இருத்தி வைத்து வாசித்துக் காட்டினாள். "வீட்டு வளவு மண்ணில், வேறு எதுவும் சேர்க்கப்படாமல்" என்று ஒரு இடம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ராத்தா, நான் மீன் தண்ணி ஊத்தினன்."

"எங்க?"

"மரத்தடில."

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய கண் விரிந்துகொண்டே போனது. "எத்தின வாளி? என்ன மீன்? செதிளும் குடலும் சேத்தா, தண்ணி மட்டுமா? உப்புப் போட்டுக் கழுவினியா?" கேட்டுக் கேட்டு எழுதினாள். எழுதி முடித்துக் கொப்பியை மூடினாள். பிறகு சேருக்குப் போனில் அழைத்து, வாசிக்க ஏலாது என்று சொன்னாள். அவர் எதிர்ப்பக்கத்தில் நிறையக் கதைத்தார். அவள் "ஓம் சேர், ஓம் சேர், ஆனா ஏலா சேர்" என்றே சொன்னாள்.

உம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒருத்தருக்கும் தெரியாதேகா! மீன் தண்ணிதானே!"

"இப்ப எனக்குத் தெரியுமே உம்மா."

அன்று மத்தியானம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேலியோரம், மரத்திலிருந்து தள்ளி, இரண்டு வரிசை கிழித்தாள். வரிசைக்கு ஆறு சீட். ஒன்றுக்கு மீன் கழுவிய தண்ணீர், மற்றதற்கு வெறும் கிணற்றுத் தண்ணீர். அறுபது நாள், ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. கொப்பியில் கோடு போட்டுக் கையில் தந்தாள்.

"நீதான் ஊத்துற. நீதான் எழுதுற."

"எனக்கு உன்னப் போல எழுத வராதே."

"சரி போட வருந்தானே? ஊத்தினா சரி போடு. ஊத்தாட்டி ஊத்தல்ல எண்டு எழுதி, கடைசிக் கட்டத்துல காரணத்த எழுது. மழையா, மீன் வரல்லயா, மறந்திட்டியா, என்னவாயிருந்தாலும் பரவால்ல. பொய்யா மட்டும் சரி போட்டிராத. மறுகா மண் என்னத்தச் செஞ்சிச்சி எண்டு நமக்குத் தெரியாமலே போயிரும்."

நான் எழுதினேன். 'மழை. ஆனாலும் ஊற்றினேன்.' 'சனி. பார்சல் இல்லை. வீட்டு மீன், கீரிமீன்.' 'இறால் கழுவிய தண்ணீர்.' 'ஊற்றும்போது பூனை வந்தது.' பூனைக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் எழுதினேன். அவள் பின்னேரம் வந்து சிரிக்காமல் எல்லாவற்றையும் வாசிப்பாள். பூனைக்குக்கூட "தோண்டினதா?" என்று கேட்டாள். நான் எழுதியதை ஒருவர் வாசித்துக் கேள்வி கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

முப்பத்து நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, சேலைன் ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்துப் பார்த்தாள். "நல்ல பசை," என்றாள். பிறகு, "இண்டைக்கு என்ன மீன்?" என்று கேட்டாள்.

"பாரைக்குட்டி."

"எழுதினியா?"

"ஓம்."

அவள் என்னிடம் கடைசியாகக் கதைத்தது அவ்வளவுதான். முப்பத்தெட்டாம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தானாள். அசருக்குப் பிறகு ஜனாஸா எடுத்தார்கள். கபன் துணியின் ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அவளாக இருந்தால் இழுத்திருப்பாள். நான் தொடவில்லை. எங்களில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வாப்பா போனார். நான் வாசலில் நின்று, அவளைச் சுமந்துபோன சந்தூக் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தேன். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று எனக்குத் தெரியாது. வேலியோரத்துச் சீட் பன்னிரண்டும் எங்கே எங்கே இருக்கின்றன என்று விரல் கணக்கில் தெரியும்.

மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. மூன்று நாளும் அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள். அடுத்த நாள் காலை ஏழரைக்கு, பழக்கத்தில் என் கால் கிணற்றடிக்குப் போனது. வெட்டுகிற பலகை காய்ந்து கிடந்தது. வீட்டில் மீன் இல்லை. மீன் தண்ணீர் இல்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனேன். எங்களுக்குக் கொண்டுவரத்தான் பக்கத்து வீட்டு மாமி அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்தத் தண்ணிய ஊத்திராதீங்க. எனக்குத் தாங்க."

மாமி என் முகத்தைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். "மீன் தண்ணியா? என்னத்துக்குகா புள்ள?"

'சீட்டுக்கு' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ராத்தாக்கு," என்று வந்துவிட்டது.

மாமி கையைக் கழுவாமலே என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு வேலிக்கு மேலால் உம்மாவைக் கூப்பிட்டு, "புள்ளைக்கு ஓதிப் பாக்கணும் மதினி, பயந்திரிக்கி," என்றார். ஆனாலும் தண்ணீரைத் தந்தார். மூன்று நாளும் தந்தார். மூன்றாம் நாள் அவரே கொண்டுவந்து, "எந்த வரிசைக்கு?" என்று கேட்டார்.

நாற்பத்தோராம் நாள்தான் கொப்பியைத் திறந்தேன். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று, மூன்றுக்கும் 'பக்கத்து வீட்டு மீன்' என்று எழுதினேன். முப்பத்தெட்டு வெறுமையாக இருந்தது. அன்று நான் ஒரு வரிசைக்கும் ஊற்றவில்லை. ஊற்றவில்லை என்று எழுதினால் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அந்தச் சொல்லை என் கையால் எழுத முடியவில்லை. சரி போட்டேன். மூடி வைத்தேன்.

நேற்று அறுபதாம் நாள். தோண்டப் போகும்போது வாப்பா சவர பிரஷைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மீன் தண்ணீர் வரிசையில் ஆறு வலையும் வெறும் வலை. கிணற்றுத் தண்ணீர் வரிசையில் ஆறிலும் சீட் இருந்தது. ஆனால் புதைத்த மாதிரி இல்லை. மெலிந்து, வெளிறி, வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள். ஒன்றைக் கழுவி, இரண்டு கை விரல்களாலும் பிடித்து மெல்ல இழுத்தேன். கொஞ்சம் பிடித்தது. பிறகு விட்டது. கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் இல்லை, நடுவில்.

என்ன மாதிரி ஒரு சந்தோசம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. "ராத்தா" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான்.

சேர் அழைத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு வரிசையையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "அப்ப மீன் தண்ணி இல்லாமலும் விடத் தொடங்கியிரிக்கி," என்றார் கடைசியில். அவளுடைய பெயரில் அதை எழுதி அனுப்புவதாகவும் சொன்னார். பிறகு கேட்டார்: "தங்கச்சி, இடையில ஊத்தாம விட்ட நாள் இரிக்கா? ஒண்டு ரெண்டு விட்டிருந்தாப் பரவால்ல. காரணம் எழுதியிருந்தாப் போதும்."

"ஒரு நாளும் விடல்ல சேர்," என்றேன்.

சொன்னவுடன் மூன்று கிழமை வெங்காயம் உரித்த அதே பெண்ணாக ஆகிவிட்டேன். அவள் ஏன், ஏன் என்று வீட்டைச் சுற்றி நடக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறேன்.

இவ்வளவும் எழுதி முடிக்கும்போது உம்மா மீன் வந்துவிட்டது என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். சேருக்கு இன்றைக்கே அழைத்துச் சொல்லுவேன். அதற்கு முதல் கொப்பியை எடுத்தேன். முப்பத்தெட்டாம் வரியின் சரி அடையாளத்தை, கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒரே கோட்டால் வெட்டினேன். அவள் அப்படித்தான் வெட்டுவாள், அழிக்கமாட்டாள். பக்கத்தில் எழுதினேன்:

'இரண்டு வரிசைக்கும் ஊற்றவில்லை. காரணம்: ராத்தா மௌத்து.'